நிற்பதற்கு எத்தனை கட்டம்?

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் எனக்குச் சமாதானம் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். இது கதைக்குள் வரும் பொய் இல்லை. என் அண்ணியிடம், அவர் வீட்டுச் சமையலறையில், அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே நான் சொன்ன பொய்.

"சும்மா ஒரு சோதனைக்குத்தான் அண்ணி. விளையாட்டு தெரியாத ஆள் ஒருத்தர் வேணும். வேற ஒண்ணுமில்ல."

வேறு ஒன்று இருந்தது. அண்ணி நகரப் பேருந்து ஓட்டுநர். பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டியவர். எட்டு மாதங்களாக ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை. டிப்போவில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்கும் பைகளுக்கும் சீட்டு ஒட்டும் பிரிவில் இருக்கிறார். திரும்ப ஓட்ட வேண்டுமென்றால் ஒரு மறுதேர்வு உண்டு. இரண்டு முறை தேதி கொடுத்தார்கள்; இரண்டு முறையும் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. மூன்றாவது தேதிதான் கடைசி. அதற்கும் போகாவிட்டால் பணி ஓய்வு வரைக்கும் குடைதான்.

அண்ணனும் நானும் கூடிப் பேசி ஒரு திட்டம் போட்டோம். அண்ணியை மறுபடி வண்டி ஓட்ட வைக்க ஒரு விளையாட்டு விதி எழுதுவது என்று. சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, எனக்கே இப்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

(இந்தக் கதையை அண்ணி படித்துவிட்டார். சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியவை. ஒன்றையும் நீக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.)

[தலைவலி நிஜமாவே வந்துச்சு.]

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

"விண்கோட்டையின் நீண்ட தாழ்வாரத்தில் அவள் ஓடினாள். அவள் பின்னால் ஆயிரம் விளக்குகள் ஒவ்வொன்றாக —"

வேண்டாம். விளக்கைப் பார்த்ததும் நீங்கள் கவிதை வருகிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

"ஒரு காலைப்பொழுதில், நாற்பது பயணிகளுடன் சென்ற பேருந்து சுவரில் மோதி —"

[மோதல.]

ஆமாம், மோதவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

"உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி —"

இது பள்ளிப் பாடம். ஆனாலும் மூன்றில் இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏனென்றால் விஷயமே உந்தம்தான். நான் கதை எழுதுகிறவள். அதோடு இரண்டு ஆண்டுகளாக மேசை விளையாட்டுகளுக்கு விதியும் எழுதுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, வாயாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு. ஒருவர் நடுவர். என்ன நடக்கிறது என்று அவர் சொல்வார்; என்ன செய்கிறேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள்; ஆகுமா ஆகாதா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் விளையாட்டின் உலகத்தில் கோட்டைகள் விண்வெளியில் பறக்கும். அவற்றின் எந்திரங்களுக்குள் ஆவிகள் குடியிருக்கும். எரிபொருள் தீர்ந்தால் ஆவியைத் தாஜா பண்ண வேண்டும்.

அதில் போர்வீரர்களுக்குப் புதிதாக ஒரு வகை வேண்டும், ஒன்றரைப் பக்கத்துக்குள் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். நான் "பாய்ச்சல்காரர்" என்று ஒன்றை எழுதினேன். அது இதுதான்:

"ஒரு சுற்றில் நான்கு கட்டத்துக்குக் குறையாமல் நகர்ந்தால் ஓர் உந்தம் பெறுவீர்கள். அடிக்கும்போது உங்களிடம் எத்தனை உந்தம் இருக்கிறதோ அத்தனை பகடைகளைக் கூடுதலாக உருட்டுவீர்கள். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றைக் கழித்தால் சேர்த்த உந்தம் அத்தனையும் அழியும்."

மூன்றாவது வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

3

சனிக்கிழமை மதியம். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கட்டம் போட்ட தாளை விரித்தாயிற்று. அண்ணன்தான் நடுவர். வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கேட்டு அவருக்கு எதையும் கேள்வியாகத்தான் பேச வரும். அவருக்கு எதிரே எங்கள் நண்பர், பல் மருத்துவர். பட்டப்பெயர் வக்கீல். விதிப்புத்தகத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது அவருக்குச் சொத்தைப் பல் கண்டுபிடிப்பது மாதிரி. ஒன்று கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். மூன்றாவது நான். நான்காவது, கையில் சட்டைப் பொத்தான்கள் நிறைந்த சின்னக் கிண்ணத்துடன் அண்ணி. ஓர் உந்தத்துக்கு ஒரு பொத்தான்.

என் பொய்யை நம்பி அதற்கு முன் நாலு சனிக்கிழமைகள் அண்ணி எங்களுடன் விளையாடியிருந்தார். நாலிலும் வாசல் காக்கும் கேடயக்காரர் பாத்திரம்தான் எடுத்துக்கொண்டார். வாசலில் ஆணி அடித்தாற்போல் நிற்பார். "என்ன பண்றீங்க?" என்று அண்ணன் கேட்டால், "நிக்கிறேன்" என்பார். அன்றைக்குத்தான் அவர் கையில் பாய்ச்சல்காரரைத் திணித்திருந்தோம்.

இரண்டு சுற்று ஓடினார். இரண்டு பொத்தான் சேர்ந்தது. மூன்றாவது சுற்றில் ஒரு கதவுக்கு முன்னால் நின்று யோசித்தார்.

"நின்னா போயிடும் அண்ணி," என்றேன்.

வக்கீல் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நிமிஷம். கோட்டை எவ்வளவு வேகத்துல பறக்குது?"

"மணிக்கு நாப்பதாயிரம் கிலோமீட்டர்னு வச்சுக்கலாமா?" என்றார் அண்ணன்.

"அக்கா கோட்டைக்குள்ளதானே நிக்கிறாங்க? கோட்டை ஓடுது, அப்ப அக்காவும் ஓடுறாங்க. நாலு கட்டம் என்ன, நாலு கோடி கட்டம் ஆச்சு. பொத்தானைக் குடுங்க!"

நாங்கள் சிரித்தோம். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப கோட்டை சடார்னு நின்னா?" என்று கேட்டார்.

"நின்னா... நின்னுடும்," என்றார் வக்கீல்.

"கோட்டை நின்னுடும். உள்ள நிக்கிறவங்க?"

அண்ணி என் தாளைக் கேட்டு வாங்கினார். மெதுவாகப் படித்தார். மூன்றாவது வாக்கியத்தில் விரல் நின்றது.

"நின்ன இடத்துலயே கழிச்சா எல்லாம் அழியுமா? இது யாருக்கு எழுதினது, எழுத்தாளரம்மா?"

அண்ணி என்னை எழுத்தாளரம்மா என்று கூப்பிட்டால் வீட்டில் எல்லோரும் வெளியே ஓடச் செருப்பைத் தேடுவோம். என் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் திடீரென்று பகடைகளை நிறவாரியாக அடுக்க ஆரம்பித்தார். அதிலேயே எங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு வைத்தியம் பாக்குறீங்களா? நான் என்ன பொம்மையா, சாவி குடுத்தா ஓடுறதுக்கு?"

எழுந்து பால்கனிக்குப் போனார். அன்று காலையில்தான் உலர்த்திய துணிகளை, ஈரத்தோடு ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார். வக்கீல் என்னைப் பார்த்து மெதுவாக, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டார். ஓட்டை கண்டுபிடித்ததற்காக அந்த மனிதர் வருத்தப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

[துணி காஞ்சுதான் இருந்துச்சு.]

(இல்லை.)

4

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருகிறது. அண்ணியைப் பற்றி இல்லை. இந்த நாத்தனாரைப் பற்றி. அடுத்தவர் காயத்துக்கு விதி எழுதி, அதைத் தனக்கு வந்த வேலையோடு ஒட்டவைத்து, பிறகு அதையே கதையாகவும் எழுதுகிற இந்தப் பெண்ணை நீங்கள் எதற்காக நம்ப வேண்டும்? ஒரு வரைவில் அவளை நல்லவளாக எழுதிப் பார்த்தேன். "அண்ணியின் வேதனை அவள் நெஞ்சை —" என்று தொடங்கியது. எழுதக் கையே கூசியது. இன்னொரு வரைவில் கெட்டவளாக எழுதினேன், அதுவும் ஒரு வகைப் பெருமையாகத்தான் இருந்தது. அதனால் அவளை அப்படியே விட்டுவிடுகிறேன். அவளுக்கு அண்ணியைப் பிடிக்கும். மூக்கை நுழைப்பதும் பிடிக்கும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும்.

எட்டு மாதத்துக்கு முன் நடந்ததை அதுவரை நான் எனக்குத் தெரிந்த விதத்தில்தான் வைத்திருந்தேன். விபத்து என்றார்கள், பேருந்து என்றார்கள், சுவரை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அண்ணியிடம் நேராகக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் இப்படி ஒரு விதியை எழுதியிருக்கவே மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை டிப்போவுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க.

5

தொலைந்த பொருள் பிரிவு என்பது டிக்கெட் அறைக்குப் பின்னால், ஒரு ஜன்னலும் ஐந்து இரும்பு அலமாரிகளும் உள்ள அறை. குடைகள் தனி அலமாரி. அதிலும் கறுப்புக் குடை தனி, மற்ற நிறம் தனி. ஒற்றைக் கையுறை, ஒற்றைச் செருப்பு, ஒரு பல் செட். ("பல்லு இல்லாம எப்படிய்யா இறங்கிப் போனாங்க?" என்று வக்கீல் பிற்பாடு மிகவும் கவலைப்பட்டார்.) ஒவ்வொன்றிலும் அண்ணி கையெழுத்தில் சீட்டு: எந்தத் தடம், எந்த நேரம், எந்த இருக்கைக்கு அடியில்.

"உக்காரு," என்றார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. நான் பொருள் வாங்க வருபவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, அந்த வரிய எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்த? வரி தப்பில்ல, பாதிதான் இருக்கு. ஓடினா ஒண்ணு சேரும்னு எழுதியிருக்க, இடிச்சா என்ன ஆகும்னு எழுதியிருக்க. நிக்கணும்னா எப்படி நிக்கிறதுன்னு எங்கயாவது எழுதியிருக்கியா? ஓட்டத் தெரிஞ்ச யாராவது இப்படி எழுதுவாங்களா? பிரேக்கே இல்லாம வண்டிய ரோட்டுல விட்டிருக்க."

நான் மனதுக்குள் விதியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். உந்தம் சேர்வதற்கு விதி இருந்தது, அடிக்கும்போது பயன்படுவதற்கு இருந்தது, அழிவதற்கு இருந்தது. நிறுத்துவதற்கு இல்லை. வீரர் நின்றால் நின்றார், அவ்வளவுதான். பதிப்பாளர், திருத்துநர், வக்கீல், அண்ணன், நான் என்று ஐந்து பேர் படித்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வாழ்க்கையில் பயணிகளாக மட்டுமே பஸ்ஸில் போனவர்கள்.

"வா," என்று எழுந்தார்.

யார்டில் கழுவுவதற்காக ஒரு பேருந்து நின்றிருந்தது. கழுவும் இடத்துக்கு வண்டிகளை நகர்த்திக் கொடுக்கும் ஓட்டுநரிடம் அண்ணி ஏதோ சொன்னார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விழுந்தா நான் பொறுப்பில்லைம்மா."

"விழத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றார் அண்ணி.

(ஒரு வரைவில் இந்த இடத்தில் அண்ணியே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கை நடுங்க, பிறகு நடுங்காமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தார். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துப் பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.)

[இந்த மாதிரி ஆசைக்குத்தான் அன்னிக்கு உன்னைத் திட்டினேன்.]

நடந்தது இது. யார்டு ஓட்டுநர் ஓட்டினார். அண்ணி என்னுடன் நடுவழியில் நின்றார். நான் எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது. அவர் மேல் கம்பியைப் பிடித்திருந்தார். வண்டி ஊர்ந்தது. சைக்கிளே முந்திப் போகிற வேகம். யார்டு ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது; நான் நிற்கவில்லை. மூன்றடி தள்ளிப் போய், ஒரு இருக்கையின் முதுகில் வயிற்றைக் கொடுத்து, மூச்சு வாங்கத் தொங்கினேன்.

அண்ணி சிரித்தார். எட்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. என் வயிற்றைச் செலவழித்துத்தான் அது கிடைத்தது, இருந்தாலும் கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு அதே நடுவழியில், கம்பியை விடாமல், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு ஆள். போனைப் பாத்துக்கிட்டே ரோட்டுல இறங்கிட்டான். நான் மிதிச்சேன். வண்டி அவனுக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. அவனுக்கு ஒரு கீறல் இல்ல. வெளியில நின்னவங்க கைதட்டினாங்க தெரியுமா? உள்ள நின்னுக்கிட்டு வந்தவங்க அத்தனை பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கிடந்தாங்க. ஒரு தையல்காரருக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு. மூணு மாசம் கத்தரிக்கோல் பிடிக்க முடியல அவரால. போய்ப் பாத்தேன். 'உங்க மேல என்னம்மா தப்பு'ன்னு அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்."

"விசாரணையிலயும் அப்படித்தானே அண்ணி சொன்னாங்க? தப்பே இல்லைன்னு."

"சொன்னாங்க." கம்பியை மாற்றிப் பிடித்தார். "அவன் இறங்குறதுக்கு முன்னாடியே அவனை நான் பாத்தேன். நடைபாதை ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தான். இறங்க மாட்டான்னு நெனச்சேன். ரெண்டு செகண்டு இருந்துச்சு எனக்கு. அப்பவே லேசா மிதிச்சிருந்தா யாரும் விழுந்திருக்க மாட்டாங்க. ஆனா தினம் நூறு பேர் அப்படித்தான் ஓரத்துல நிப்பாங்க. நூறு பேருக்கும் மிதிச்சா வண்டி எப்பப் போய்ச் சேர்றது? இதை நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க அண்ணன்கிட்டகூட."

நல்ல பதில் ஒன்று எழுத வேண்டிய இடம் இது; நான் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அண்ணி தன் பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன்.

(இந்தப் பத்தியையும் இதற்கு முன்னால் உள்ளதையும் எடுத்துவிடவா என்று கேட்டேன்.)

[இருக்கட்டும். உங்க அண்ணனும் படிச்சுட்டார்.]

6

மறுநாள் அண்ணி ஒரு குடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். நான் பிழை மட்டும் திருத்தினேன்.

"நிற்க விரும்பினால், உங்களிடம் எத்தனை உந்தம் இருக்கிறதோ அத்தனை கட்டம் தேவை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உந்தம் குறையும். அதைவிடக் குறைந்த இடத்திலும் நிற்கலாம். நீங்கள் நிற்பீர்கள். ஆனால் குறைகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் உங்கள் பின்னால் வரும் தோழர் ஒருவர் விழுவார். நின்றவர் அடுத்த சுற்றிலேயே மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம்."

கடைசி வாக்கியத்தை நான் பல முறை படித்தேன். "அழியும்" என்று நான் எழுதிய இடத்தில் அவர் "தொடங்கலாம்" என்று எழுதியிருந்தார். எத்தனையோ ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை.

பதிப்பாளருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"என்னங்க இது, சண்டை போடுற ஆளுக்கு பிரேக் போட்டுக் குடுத்திருக்கீங்க? இடிக்கத்தாங்க எல்லாரும் இந்த வகையை எடுப்பாங்க."

"இடிக்கலாம். யாரும் தடுக்கல."

"பின்னால வர்றவன் எதுக்கு விழணும்?"

"அவனும் அதே வேகத்துலதானே வந்தான்?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "விளையாடிப் பாக்குறேன்," என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் சோதித்திருக்கிறார்கள். அவருடைய வடிவமைப்பாளர் எட்டு உந்தத்தோடு ஓடிவந்து, பள்ளத்தைப் பார்த்து ஒரே கட்டத்தில் நின்று, தன் குழு மொத்தத்தையும் தரையில் சாய்த்துவிட்டாராம். அன்று மதியம் முழுக்க யாரும் அவரோடு பேசவில்லையாம்.

"நாளைக்கு மறுபடி விளையாடணும்னு கேக்குறாரு," என்றார் பதிப்பாளர். "விதி இருக்கட்டும்."

7

அடுத்த சனிக்கிழமை. அதே மேசை. அண்ணி தானாகவே பொத்தான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, வக்கீல்கூட. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கோட்டையின் எந்திர ஆவியைத் திருடிக்கொண்டு எதிரி ஓடுகிறான். நீண்ட தாழ்வாரம். அண்ணி துரத்துகிறார். எங்கள் பாத்திரங்கள் அவர் பின்னால். ஆறு பொத்தான், ஏழு பொத்தான். இன்னும் இரண்டு சுற்றில் எதிரியைப் பிடித்துவிடலாம். ஏழு பகடையை மொத்தமாக உருட்டினால் அவன் கதை முடிந்தது. வக்கீல் நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் தாளில் ஒரு பகடையை வைத்தார். "தாழ்வாரத்து ஓரத்துல ஒருத்தன் நிக்கிறான். முதுகைக் காட்டிக்கிட்டு. என்ன பண்றான்னு தெரியல."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு செகண்டைப் பற்றி அப்போது அவருக்குத் தெரியாது. தாழ்வாரம் காலியாக இருக்கிறதே என்று ஒரு ஆளை வைத்தார், அவ்வளவுதான். எனக்குத் தெரியும். விளையாட்டை நிறுத்து என்று சொல்லவா? தேநீர் போடுகிறேன் என்று எழுந்துவிடவா? (இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் மழையைக் கொண்டுவருவார். எனக்கு எதுவும் கைகொடுக்கவில்லை.)

அண்ணி அந்தப் பகடையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மெதுவாக்குறேன்," என்றார். ஒரு பொத்தானைக் கிண்ணத்தில் போட்டார். ஒரு கட்டம் நகர்ந்தார். இன்னொரு பொத்தான். இன்னொரு கட்டம். மூன்றாவது.

"அக்கா, அவன் இன்னும் குறுக்கே வரவே இல்லையே!" என்றார் வக்கீல், அழாத குறையாக.

"இறங்குறானா?" என்று அண்ணி அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் உருட்டினார். "இல்ல. அப்படியே நிக்கிறான். நீங்க அவனைத் தாண்டிப் போயிட்டீங்க."

எதிரி தாழ்வாரத்தின் முனையில் திரும்பி மறைந்தான். மூன்று உந்தம் வீண். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "மூணு பகடை அக்கா! ஒண்ணுமே பண்ணாத ஒருத்தனுக்காக!"

அண்ணி பின்னால் இருந்த எங்கள் இரண்டு காய்களையும் பார்த்தார். இரண்டும் விழாமல் நின்றுகொண்டிருந்தன.

"இறங்கல," என்றார் அண்ணி. "பரவால்ல. இறங்கலைன்னா நல்லதுதானே." கிண்ணத்துக்குள் கைவிட்டு ஒரு பொத்தானை எடுத்தார். "என் முறைதானே? நாலு கட்டம் ஓடுறேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேசைக்கடியில் அண்ணன் காலை மிதித்துவிட்டேன். அவர் எதற்கென்றே தெரியாமல் "தெளிவா இருக்கா?" என்றார்.

8

இன்று புதன்கிழமை, மாலை. மறுதேர்வு நாளை காலை பத்து மணிக்கு. அதனால் இந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள்; உண்மையிலேயே இன்னும் நடக்கவில்லை. இருந்தாலும் பழக்கதோஷம், மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: அண்ணி தேர்ச்சி பெறுகிறார். திங்கள்கிழமை முதல் பயணத்திலேயே அந்தத் தையல்காரர் ஏறுகிறார். இருவரும் —

[வேண்டாம். அவர் வேற தடத்துல போறவர்.]

முடிவு இரண்டு: தேர்வில் தவறுகிறார். ஆனால் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்து விளையாட்டு விதிகள் எழுதத் தொடங்குகிறார், அதில் —

[ஃபெயிலாக்கிட்டு மிட்டாய் குடுக்குறியா?]

முடிவு மூன்று: தலைவலி.

இதன் ஓரத்தில் அண்ணி ஒன்றும் எழுதவில்லை. பென்சிலால் ஒரு கோடு மட்டும் அடித்திருந்தார். தாள் கிழியும் அளவுக்கு.

சற்று முன்தான் கதைத் தாள்கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சீருடையைத் தேய்த்துவிட்டு வந்திருந்தார். கையில் இஸ்திரிச் சூடு இருந்தது.

"முடிவெல்லாம் நீ எழுதாத," என்றார். "நாளைக்கு ஒன்பதரைக்கு டிப்போ கேட்டுக்கு வந்துடு. உங்க அண்ணன் கடைக்கு லீவு போட்டாச்சு. பல் டாக்டரையும் வரச்சொல்லு."

"எதுக்கு அண்ணி?"

"டெஸ்ட்டுக்கு சீட்ல எல்லாம் மணல் மூட்டை வைப்பாங்க, எடைக்கு. நான் தேர்வு அதிகாரிகிட்ட போய்க் கேட்டேன், நடுவழியில நிக்கிறதுக்கு நிஜ ஆளுங்களைக் கூட்டிட்டு வரலாமான்னு. இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். ரூல் புக்கைத் தேடிப் பாத்துட்டு, கூடாதுன்னு எங்கயும் எழுதலைன்னு சொல்லிட்டார்."

"எத்தனை பேர் வேணும்?"

"பத்துப் பேராவது நிக்கணும். இல்லைன்னா அது பஸ்ஸே இல்ல."

அண்ணி போன பிறகு எண்ணிப் பார்த்தேன். அண்ணன், வக்கீல், நான். யார்டு ஓட்டுநர் வருகிறேன் என்றாராம். டிக்கெட் அறையிலிருந்து மூவர். பதிப்பாளரும் வடிவமைப்பாளரும், நான் கேட்டதும் ஏன் என்றுகூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஆக ஒன்பது.

இன்னும் ஒரு ஆள் குறைகிறது. உங்களுக்கு நாளை காலையில் பெரிய வேலை ஒன்றும் இல்லையே?